சோரும் மாளிகை: ஒரு கன்னட இசைத்தொகுப்பும் எல்லைத் தமிழ்ச் செவியும்

2010ஆம் ஆண்டில் பிரித்தானிய ஐடியூன்ஸ் இணைய விற்பனையகத்தின் ‘உலக இசை’ப் பட்டியலில் முதலிடம் பெற்ற தொகுப்பு ‘அந்தராக்னி: தி ரகு தீட்சித் புராஜெக்ட்’ என்பதாகும். பி.பி.சி. தொலைக்காட்சியில் ஜூல்ஸ் ஹாலண்டு நடத்திவந்த இசை நிகழ்ச்சியில் அக்குழு பாடியதைத் தொடர்ந்து இவ்விற்பனை நிகழ்ந்தது. தொகுப்பு 2008இலேயே இந்தியாவில் வெளிவந்துவிட்டது. இந்தித் திரையிசையமைப்பாளர்களான விஷால், சேகர் ஆகிய இருவரும் தொடங்கிய நிறுவனத்தின் முதல் வெளியீடு அது. பாடகர் ரகு தீட்சித் மைசூரில் வளர்ந்தவர், நுண்ணுயிரியல் கற்றவர், பரதநாட்டியம் பயின்றவர், கிதாரைத் தாமே பழகிக்கொண்டவர். 1990களின் இறுதியில் வயலின் கலைஞர் எச். என். பாஸ்கருடன் இணைந்து ‘அந்தராக்னி’ என்னும் ராக் இசைக்குழுவைத் தொடங்கியவர். அக்குழு கலைந்த பின்னர்த் தம் பெயரால் வேறொரு குழு அமைத்துப் பாடினார். பழைய குழுவின் பெயர் புதிய தொகுப்பின் தலைப்பில் எஞ்சி நிற்கிறது.

‘உலக இசை’ என்னும் பெயர் இலண்டனில் 1987ஆம் ஆண்டில் சில இசைத்தட்டு வணிகர்கள் கூடி வைத்த விற்பனைப் பெயர் என்பது இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் பாடப்பெற்ற இசையைக் கடையில் எந்த அடுக்கில் வைப்பது என்ற நடைமுறைச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வு அது. அவ்வடுக்கில் ஒரு பாடல் முதலிடம் பெறுகிறது என்றால், அதன் சொற்கள் விளங்காத பலர் அதை விலை கொடுத்து வாங்கியுள்ளனர் என்று பொருள். இதில் குறைகூற ஒன்றுமில்லை. சொல் விளங்காத பாட்டில் குரலும் தாளமும் முழுமையாகக் கிடைக்கின்றன. கேட்பவரும் தமக்கு எதுவும் விளங்கவில்லை என்பதை நன்கு அறிந்திருக்கிறார்.

கன்னடம் தாய்மொழியாக உள்ளவர் நிலை இதற்கு நேர்மாறானது. அவருக்குச் சொல்லே முதலில் வந்து சேரும். இவ்விருவருக்கும் இடையில் மூன்றாமவர் ஒருவர் உள்ளார். அவர் தமிழர். கன்னடப் பாட்டைக் கேட்கும் தமிழருக்கு நான்கு சொற்களில் இரண்டு விளங்குவதுபோல் தோன்றும். அத்தோற்றமே அவருக்குத் துணை. அதுவே இடரும் ஆகும். மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இம்மூன்றாவது கேட்புமுறையே ஆராய்வதற்குரியது. ஏனெனில் திராவிட மொழிகளுக்குள் நிகழும் மொழிபெயர்ப்புகளில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை அறியாமையால் வருவன அல்ல. அறிந்ததாகக் கொள்ளும் மயக்கத்தால் வருவன.

இத்தகைய கேட்பு அன்றாட வாழ்க்கையாகவே அமைந்துவிட்ட நிலப்பகுதிகள் உள்ளன. கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி ஆகிய பகுதிகளும், இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு ஆகிய வட்டங்களும் அத்தகையன. 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது கேரளத்தில் அமைந்த இப்பகுதிகளில் வயலிலும் தோட்டத்திலும் தமிழ் வழங்குகிறது. அலுவலகத்தில் மலையாளம் வழங்குகிறது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்தது. சட்டம் ஒரே தொடரில் சேர்த்துச் சொன்ன இவ்விரு மொழியினரும் மாநிலத்தின் வெவ்வேறு கோடிகளில் வாழ்கின்றனர் என்பது வேறு செய்தி.

இப்பகுதிகளின் தமிழர் சிறுவயதிலேயே ஒரு பாடத்தைக் கற்றுவிடுகின்றனர். மலையாளி ‘வெள்ளம்’ கேட்டால் குடிநீர் கொடுக்க வேண்டும்; பெருக்கெடுத்த ஆற்றைக் காட்டக் கூடாது. ‘சம்சாரம்’ என்றால் அது பேச்சு, மனைவி அல்லள். ‘அவசரம்’ என்று விளம்பரத்தில் கண்டால் விரைந்தோட வேண்டியதில்லை. வாய்ப்பு ஒன்று உள்ளது என்பதே அதன் பொருள். ‘பட்டி’ என்றால் நாய். இவற்றை மொழியியலார் பட்டியலிட்டுக் கற்பிக்கக்கூடும். எல்லைப்புறத்தார் பட்டியல் இன்றியே அறிவர். ஒத்த ஒலியைக் கேட்டவுடன் பொருளை முடிவுசெய்யாமல் சிறிது தயங்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. தொகுப்பின் கன்னடப் பாடல்களை அத்தயக்கத்துடன் கேட்டால் கிடைப்பன யாவை என்பதே இங்கு ஆராயப்பெறுகிறது.

தொகுப்பில் இந்திப் பாடல்களும் ஆங்கிலப் பாடல்களும் உள்ளன. காதலும் ஏக்கமும் பேசும் அவை இனிமையானவை. எனினும் விரித்துரைக்க வேண்டிய அளவு மொழிச்செறிவு உடையன அல்ல. தொகுப்பின் வலிமை வடகருநாடக ஞானக்கவிஞர் சிசுநாள ஷரீஃப் இயற்றிய இரு பாடல்களில் உள்ளது. இன்றைய ஹாவேரி மாவட்டத்துச் சிசுநாளத்தில் 1819இல் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, கோவிந்த பட்டர் என்னும் அந்தணரைக் குருவாகக் கொண்டு, 1889இல் மறைந்தவர் அவர். அவருடைய ‘தத்துவப் பதங்கள்’ ஊர்தோறும் வாய்மொழியாக வழங்கிவந்தன. 1990இல் டி. எஸ். நாகாபரணா இயக்கிய ‘சந்த சிசுநாள ஷரீஃப’ திரைப்படமும், அதற்கு இசையமைத்த சி. அஸ்வத்தின் (1939–2009) குரலும் அப்பாடல்களைக் கருநாடகம் முழுவதும் கொண்டுசென்றன. ரகு தீட்சித் அவற்றை எடுத்துக் கிதாருக்கும் வயலினுக்கும் டிரம்சுக்கும் உரியவையாக்கினார்.

மாளிகி என்னும் சொல்

முதலில் எடுத்துக்கொள்ளத் தக்கது ‘சோருதிஹுது மனிய மாளிகி’ என்னும் பாடல். தலைப்பில் மூன்று சொற்களே உள்ளன. மூன்றும் தமிழில் உள்ளன. மூன்றும் தமிழரை ஏமாற்றுகின்றன.

முன்னறிவின்றிக் கேட்கும் தமிழ்ச் செவியில் இத்தலைப்பு ‘மணிமாளிகை’ பற்றியதாகவே விழும். னகர ணகர வேறுபாடு பாட்டின் விரைவில் தேய்ந்துபோக, ‘மனிய’ என்பது ‘மணி’ ஆகிறது. ‘மாளிகி’ அரண்மனை ஆகிறது. ‘சோரு’ என்பது சோர்வு ஆகிறது. மணிகள் இழைத்த மாளிகை ஒன்று களையிழந்து சோர்ந்து கிடக்கிறது என்று ஒரு காட்சி உருவாகிவிடும். பொருத்தமான காட்சியாகவும் அது தோன்றும். நிலையாமை பாடுவது ஞானியர் வழக்கம்தானே என்று கேட்பவர் அமைதி கொள்வார். பிழையான பொருள் பொருத்தமாகவும் அமைந்துவிட்டால் அதைத் திருத்த வழியே இல்லை.

கன்னடத்தில் ‘மனெ’ என்பது வீடு. தார்வாடப் பகுதி வழக்கில் சொல்லிறுதி எகரம் இகரமாகும். ஆதலால் ‘மனெ’ ‘மனி’ ஆயிற்று, ‘மாளிகெ’ ‘மாளிகி’ ஆயிற்று. மாளிகெ என்பது அங்கே மண் பரப்பிய தட்டைக் கூரையையும் மேல்தளத்தையும் குறிக்கும் சொல். எளியவர் வீட்டிற்கும் மாளிகி உண்டு. அரண்மனைக்கு மட்டும் உரியதன்று. ‘சோரு’ என்பது ஒழுகுதல். ஆகவே பாடலில் நிகழ்வது மிக எளிய ஒன்று: வீட்டின் கூரை ஒழுகுகிறது. அறியாமையே அதற்குக் காரணம் என்று பாடல் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. செப்பனிட ஆளில்லை, இருளில் மேலே ஏறிச் செல்லவும் முடியவில்லை என்று மேலே விரிகிறது. வீடு உடல் என்பதையோ உள்ளம் என்பதையோ கேட்பவர் தாமே கொள்ளலாம்.

எல்லைத் தமிழர் இதனை எவ்வாறு கேட்பர்? ‘சோரு’ என்ற வினையில் அவருக்குத் தடையில்லை. மலையாளத்தில் கூரை ஒழுகுவதற்கு நாள்வழக்குச் சொல் ‘சோருக’ என்பதே. தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்கில் பெய்யும் இடுக்கி மலைகளில் இச்சொல்லுக்கு வேலை அதிகம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழ்பவர், வீட்டில் தமிழில் ‘ஒழுகுது’ என்பதும் வெளியே மலையாளத்தில் ‘சோருந்நு’ என்பதும் ஒரே கூரையைத்தான் என்பதை அறிவார். மேலும் ‘ஒழுகு’ மலையாளத்தில் ஆறு ஓடுவதைக் குறிக்கும் என்பதையும் அறிவார். ஒரே கருத்திற்கு இரு மொழிகள் இரு வேர்களைத் தேர்ந்துகொண்டதையும், விடப்பட்ட வேர் பக்கத்து வீட்டில் வேறு வேலை செய்துகொண்டிருப்பதையும் அவர் நூல் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆனால் பெயர்ச்சொற்களில் இதே இருமொழியறிவு அவரைக் கைவிடுகிறது. ‘மாளிக’ மலையாளத்தில் மாடி கொண்ட பெருவீடு. சபரிமலையில் ‘மாளிகப்புறம்’ அறியாத தமிழ்ப் பயணியர் இலர். ‘மன’ என்பது நம்பூதிரியர் இல்லம். பாலக்காட்டில் அச்சொல்லைக் கேட்டவுடன் நாலுகெட்டும் குளமும் உடைய பழைய பெருமனை ஒன்று கண்முன் நிற்கும். ஆகவே பாலக்காட்டுத் தமிழர் ‘மனிய மாளிகி’யை இருமடங்கு செல்வமுடையதாகக் கேட்கக்கூடும். தமிழ்நாட்டில் ‘மனை’ என்பது இன்று பெரும்பாலும் வீடு கட்டப்படாத நிலம். அங்குக் கேட்பவர் வேறொரு வகையில் வழிதவறுவார். வீட்டுமனைக்கு மாளிகை எங்கிருந்து வந்தது என்று அவர் திகைப்பது பாலக்காட்டார் தெளிவாகத் தவறுவதைவிட நன்று. திகைத்தவர் அகராதியைத் திறப்பார்.

ஒரு சொல் மூன்று மொழிகளில் நின்ற இடங்களைப் பார்க்கும்போது, பொருள் வீட்டின் மேற்பகுதியைச் சுற்றியே இயங்கியிருப்பது தெரிகிறது. கன்னடத்தில் கூரை, மலையாளத்தில் மாடி வீடு, தமிழில் அரண்மனை. தமிழிலும் பண்டு பொருள் இத்துணை உயர்ந்து நிற்கவில்லை. கோயிலைச் சூழ்ந்த தூண்வரிசை மண்டபத்தைத் ‘திருச்சுற்றுமாளிகை’ என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன; கூரையிட்ட கட்டடப்பகுதி என்னும் பொருள் அதில் உள்ளது. பிற்காலத் தமிழ் அச்சொல்லை அரசர்க்கும் செல்வர்க்கும் ஒதுக்கிவிட்டது.

வினைச்சொல்லின் தமிழ் வரலாறு இன்னும் கருதத்தக்கது. சோர்தல் என்பதற்குத் தளர்தல் என்ற பொருளே இன்றைய வழக்கு. கண்ணீர் சோர்தல், குருதி சோர்தல் என்பன இலக்கியத்தோடு நின்றுவிட்டன. ‘சோரி’ என்று குருதிக்கு ஒரு பெயர் தமிழில் இருந்தது. மலையாளத்துச் ‘சோர’ இன்றும் குருதியே. இவ்வினை உடலோடும் வீட்டோடும் சேர்ந்து வரும் இடம் ஒன்று தமிழர் பலரும் மனப்பாடமாக ஓதுவது. சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் உடலை ஒன்பது வாயில் உடைய குடிலாக உருவகிக்கும் இடத்தில் இச்சோர்தல் வினையையே ஆள்கிறார். அங்கு வீடு குடில், மாளிகை அன்று. ஷரீஃபின் ஒழுகும் கூரைக்கும் அக்குடிலுக்கும் இடையில் நேரடித் தொடர்பு ஏதும் காட்ட வேண்டியதில்லை. உடலை வீடாகக் கண்டு, அவ்வீடு சோர்வதாகப் பாடும் மரபு தமிழுக்கு வெளியூர்ச் சரக்கு அன்று என்பதே போதும்.

இங்கு ஒரு முரண் தோன்றுகிறது. இப்பாடலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கும் ஒருவர் ‘கூரை’ என்று சரியாக எழுதிவிடுவார். ஆங்கிலத்தில் கூரைக்கும் அரண்மனைக்கும் மயக்கம் இல்லை. அண்டை மொழி இலக்கியத்தை ஆங்கிலம் வழியாகக் கொண்டுவருவது தகாது என்று தமிழ் மொழிபெயர்ப்பு ஆய்வுகள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. அக்கூற்று இவ்விடத்தில் பொய்க்கிறது. கன்னடத்திலிருந்து நேராக வருபவரே குழியில் விழுகிறார். ஆயினும் ஆங்கிலம் வழி வந்தவர் ‘ஒழுகுகிறது’ என்று எழுதிக் கடந்துபோவார். சோர்தல் அவர் கண்ணில் படாது. குடிலும் சோரியும் நினைவில் எழா. ஒருவர் பெயரில் தவறுகிறார். மற்றவர் வினையை இழக்கிறார். இழப்பு பிழையாகத் தோன்றாது என்பதால் அது எந்த மதிப்புரையிலும் சுட்டப்படுவதில்லை.

நீரும் புகையும்

‘குடுகுடிய சேதி நோடோ’ என்னும் மற்றப் பாடல் தொகுப்பிலேயே மிகத் துள்ளலானது. மேடையில் சலங்கை கட்டி, வண்ண வேட்டி உடுத்து ரகு தீட்சித் இதனைப் பாடும்போது கன்னடம் அறியாக் கூட்டமும் உடன் ஆடும். குடுகுடி என்பது உக்கா. தமிழிலும் அப்பெயர் வழங்கியது. நீருக்குள் புகை செல்லும்போது எழும் ஒலியால் பெற்ற பெயர். இன்றைய தமிழ்ச் செவியோ குடுகுடுப்பைக்காரரை நினைத்துக்கொள்ளும்.

‘சேதி’ என்பதைத் தமிழெழுத்தில் எழுதும்போதே அது ‘செய்தி’யாகிவிடுகிறது. தகரத்தைப் ‘பந்து’ என்பதில் உள்ளதுபோல் ஒலித்துப் பார்த்தால்தான் கன்னடச் சொல் கிட்டும். அடிச்சொல் ‘சேது’, இழுத்தல் என்பது பொருள். கிணற்றிலிருந்து நீர் இறைப்பதற்கும் இதுவே, பீடி இழுப்பதற்கும் இதுவே சொல். தமிழில் இதன் உறவுச்சொல் ‘சேந்து’ ஆகும். நெடிலை அடுத்த மெல்லினம் கன்னடத்தில் கெடுவதற்கு வேண்டு–பேடு, தோண்டு–தோடு என வேறு சான்றுகளும் உள; சேந்து–சேது அவ்வரிசையில் அமைவது. தமிழர் கிணற்றில் நீர் சேந்துவார், புகையைச் சேந்துவதில்லை. புகையைப் பிடிப்பார், இழுப்பார், சுருட்டானால் குடிக்கவும் செய்வார். மலையாளி வலிப்பார். கன்னடம் ஒன்றே நீருக்கும் புகைக்கும் ஒரே வினையைக் காத்துவைத்திருக்கிறது. அவ்விரண்டும் ஒன்றாக இழுபடும் கருவி உக்கா ஒன்றே. ஷரீஃப் இதனை எண்ணிப் பாடினாரா என்று கேட்பது வீண். மொழி தானாகத் தந்த வாய்ப்பு அது. பாடல் அதில் நன்றாக அமர்ந்துகொண்டது.

பாடலில் மனம் புகைச்சரக்கு வைக்கும் பையாகிறது, மோகம் நறுக்கப்படும் கஞ்சாவாகிறது, புத்தி நெருப்பாகிறது, உடல் குடுவையாகிறது. இவ்வுருவகங்கள் அனைத்தையும் கட்டும் சொல் ‘எம்ப’ என்பது. தமிழ் ‘என்னும்’ என்பதற்கு நேர். அமைப்பு நேராக இருப்பதால் மொழிபெயர்ப்பு எளிது என்று தோன்றும். ஆனால் தமிழ்ச் செய்யுள் ‘என்னும்’ என்பதை விரித்தும் சொல்லும், தொகுத்து ‘மனப்பை’, ‘மோகக்கஞ்சா’ என்றும் சொல்லும். தொகுத்தால் பண்டித நடை வந்துவிடுகிறது. உக்கா பிடிப்பவர் கையோடு வேலை செய்துகொண்டே ஒவ்வொரு பொருளாக எடுத்து ‘இது மனம், இது மோகம்’ என்று காட்டும் நிதானம் போய்விடுகிறது. இங்கு விரிவே வேண்டும். இதற்கான தமிழ் நடையைத் தேடிச் செல்வோர்க்குக் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) உள்ளார். இசுலாமியராய்ப் பிறந்து, சித்தர் பரிபாடையைத் தம் மொழியாக்கிக்கொண்டவர் அவர். ஷரீஃப் தமிழில் பாடியிருந்தால் யாருடைய சொற்கிடங்கில் கைவைத்திருப்பார் என்ற வினாவுக்கு அவரே ஓரளவு விடை.

‘நோடோ’ என்பதிலும் நின்று பார்க்க வேண்டும். ‘நோடு’ பார்த்தல். தமிழில் நோட்டம் என்ற பெயராக எஞ்சியுள்ள வேர். இங்கு அது துணைவினை: சேந்திப் பார், செய்து பார் என்பதுபோல் முயற்சிப் பொருளது. தமிழும் கன்னடமும் வெவ்வேறு வேர்களைக் கொண்டு ஒரே இலக்கணத்தைச் செய்திருப்பது ஒப்பிலக்கணத்தார் அறிந்ததே. இறுதி ஓகாரம் நெருங்கிய ஆண்பாலரை விளிக்கும். தமிழில் ‘பாரடா’ என்பதற்கு ஒப்பு. ‘இழுத்துப் பாருங்கள்’ என்று மரியாதையாக மொழிபெயர்த்தால் ஞானி மருந்துக்கடைக்காரர் ஆகிவிடுவார்.

இசை இவ்விடத்தில் என்ன செய்கிறது? பாடல் ஒரு கட்டளையும் ஒரு கேலியும் சேர்ந்தது. போதைப்பொருளின் சொற்களைக் கொண்டே போதையை நீக்கச் சொல்கிறது. ரகு தீட்சித்தின் தாளவேகத்தில் அழைப்பு மேலோங்குகிறது. கேலி பின்னுக்குச் செல்கிறது. கூட்டம் உடன்பாடும்போது அது உக்காவின் பாட்டாகவே நின்றுவிடும் அபாயம் உண்டு. அஸ்வத் வழியில் பாடுவோர் சொல்லுக்கு இடம்விட்டுப் பாடுவதால் உருவகம் ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கும். சொல்லை நோக்குபவர்க்கு அதுவே நிறைவு தரும். ஆனால் இதனால் ராக் வடிவத்தைத் தாழ்வெனக் கொள்ளுதல் பொருந்தாது. தத்துவப் பதங்கள் அவை பிறந்த ஊர்களில் தம்பூரியும் தாளமும் கொண்டு கூட்டமாகப் பாடப்பட்டவை. அமைதியான அரங்கில் சுகம சங்கீதமாக அவை பாடப்பட்டதும் ஒரு மொழிபெயர்ப்பே. கூட்டத்தின் குரலை அவற்றுக்கு மீட்டளித்தது ரகு தீட்சித்தின் பணி. ஒழுகும் வீட்டுப் பாடலில் அவர் குரல் திறந்து உயரும்போது, முறையீடு தனி ஒருவருடையதாக இல்லாமல் ஊருடையதாகிறது. அப்பாடலில் வேகம் எதையும் மறைக்கவில்லை. இவ்விரண்டில் அதுவே சிறந்தது எனத் துணிந்து கூறலாம்.

பாடத்தக்க தமிழ்

இப்பாடல்களை மெட்டுக்குப் பொருந்தத் தமிழில் ஆக்க முனைபவர் எதிர்கொள்ளும் முதல் தடை சொல்லிறுதி. கன்னடச் சொற்கள் உயிரில் முடிவன. கூட்டம் நீட்டிப் பாட ‘மாளிகி’யின் இகரமும் ‘நோடோ’வின் ஓகாரமும் இடந்தருகின்றன. எழுத்துத்தமிழோ மகரத்திலும் னகரத்திலும் லகரத்திலும் சொல்லை மூடுகிறது. ‘கூரை ஒழுகும் இல்லம்’ என்று முடித்தால் வாய் மூடிவிடும், நீட்ட முடியாது. பேச்சுத்தமிழ் இத்தடையைத் தானே தீர்த்துவைத்திருக்கிறது. அங்கு இறுதி மெல்லினம் மூக்கொலி உயிராகிறது. பிற மெய்களுக்குப் பின் உகரம் தோன்றுகிறது. ஆகவே பாடத்தக்க தமிழாக்கம் பேச்சுத்தமிழை நாடியே ஆக வேண்டும்.

ஆனால் மூலம் முழுவதும் பேச்சுமொழி அன்று. ‘சோருதிஹுது’ என்பது செய்யுள் வழக்கு. இன்றைய கன்னடத்தார் வீட்டில் அவ்வாறு சொல்வதில்லை. ‘மாளிகி’யோ தார்வாட ஊர்வழக்கு. ஏட்டுவினையும் ஊர்ப்பெயரும் ஒரே தொடரில் தயக்கமின்றிக் கூடி நிற்கின்றன. முழுவதும் செந்தமிழில் ஆக்கினாலும் முழுவதும் கொச்சையில் ஆக்கினாலும் இக்கலப்புப் போய்விடும். எனவே வினையைச் ‘சோருகின்றதே’ என்று செய்யுள் வடிவிலும், பெயரை வட்டார வழக்கிலும் வைப்பது தக்கது. ஏகார இறுதி நீட்டுவதற்கும் உதவும். ‘சோர்’ வினையை இன்றைய தமிழ்நாட்டார் தளர்ச்சியாகக் கேட்பரே என்னும் தடை எழலாம். உடன் வரும் பெயர் கூரையைச் சேர்ந்ததானால் அத்தடை நில்லாது. சோர்ந்த கூரை என்று எவரும் சொல்வதில்லை.

அப்படியானால் ‘மாளிகி’க்கு எப்பெயர்? ‘கூரை’ பிழையற்றது, எனினும் தமிழ்நாட்டில் கூரை என்றவுடன் ஓலையும் சரிவும் நினைவுக்கு வரும். மேலே ஏறிச் செல்ல முடியவில்லை என்ற முறையீடு ஓலைக் கூரைக்குப் பொருந்தாது. ‘மொட்டைமாடி’ நகரத்துச் சொல். காரைத் தளத்தையும் நீர்த்தொட்டியையும் உடன் கொண்டுவரும். ‘மச்சு’ என்பது தட்டையான மேல்தளத்தைக் குறிக்கும். சிறு சொல்லாதலின் தாளத்தில் எங்கும் அமரும். ஆனால் தமிழ்நாட்டில் ‘மச்சுவீடு’ வசதியுடையார் வீடு. மலையாளத்தில் ‘மச்சு’ மரம் பாவிய உட்கூரை. பழைய பாலக்காட்டு வீடுகளில் பண்டங்கள் ஏற்றிவைக்கும் இடம். இடுக்கியின் தகரக் கூரை வேய்ந்த லயங்களில் அத்தகைய மச்சும் இல்லை. அங்குள்ளார் செவிக்குத் ‘தகரம்’ என்றாலே ஒழுகும் இடம் விளங்கும். மேலே ஏற முடியாமையும் விளங்கும். மழையிருளில் வழுக்கும் தகரத்தின்மேல் ஏற எவரும் துணியார். மூலத்தின் மண் தகரமாக மாறுவதைத் தார்வாடத்தார் ஒப்புவரா என்பது ஐயமே. பாலக்காட்டில் பாட ஒரு சொல்லும், மூணாறில் பாட வேறொரு சொல்லும் வைத்துக்கொள்வதில் தவறில்லை. வாய்மொழியாக வழங்கிய நாளில் ஷரீஃபின் பாடல்களும் ஊருக்கு ஊர் சொல் மாறியே பாடப்பட்டன.